குறை சொல்லி விற்றவர்

என் கையெழுத்தை முதலில் மன்னித்துவிட வேண்டும். ஈர மணலில் நண்டு ஓடிய மாதிரி இருக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது எனக்கு இன்றுவரை உறுதியில்லை. இவை இரண்டும் இந்தக் காகிதத்தில் உள்ள குறைகள். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லக் கூச்சமாக இருப்பதால் கடைசியில் சொல்கிறேன். குறையைக் கடைசிக்குத் தள்ளியதற்கே பாய் என்னைத் திட்டியிருப்பார்.

பழவேற்காட்டில் படகுத்துறைக்குப் பின்னால், ஐஸ் உடைக்கும் இடத்தை ஒட்டி, அவருடைய தகரக் கொட்டகை இருந்தது. பழைய வலை, கயிறு, துடுப்பு, பெட்ரோமாக்ஸ், டார்ச் லைட், சைக்கிள் என்று ஏரியைச் சுற்றி ஒருவர் கையைவிட்டு இன்னொருவர் கைக்குப் போகிற சாமான்கள் எல்லாம் அங்கே ஒருமுறை இறங்கித்தான் ஏறும். அவர் இல்லாத இடத்தில் ஊர் அவரைக் குறை பாய் என்று சொல்லும். எதிரில் வெறும் பாய். ஒல்லியான ஆள். கட்டம் போட்ட லுங்கி. காதில் எப்போதும் ஒரு பென்சில். அந்தப் பென்சிலால் அவர் ஓர் எழுத்துகூட எழுதி நான் பார்த்ததில்லை.

சாமானில் உள்ள குறைகள் முழுவதையும் சொல்லி முடிக்காமல் அவர் எதையும் விற்கமாட்டார். மறைத்து விற்ற காசில் வாங்கிய சோறு தொண்டையில் முள்ளாக நிற்கும் என்பார். குறை இருக்கிறது என்று மட்டும் சொன்னால் போதாது. அது எப்படி வந்தது, யார் காலத்தில் வந்தது, அப்போது காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பதுவரை சொல்வார். ஆனால் விற்றவன் பெயரை மட்டும் சொல்லமாட்டார்.

"யார்து பாய் இது?" என்று கேட்டால், "பேர இன்னாத்துக்குக் கேக்கற? பேர வெச்சு மீன் புடிக்க முடியுமா? கொறய கேளு" என்பார்.

பகல் வெளிச்சத்தில்தான் காட்டுவார். "வெளக்கு வெளிச்சத்துல எல்லா வலையும் நல்ல வலைதாம்பா."

ஒரு சமயம் பொன்னேரியிலிருந்து மாற்றலாகிப் போன ஒரு தாசில்தார் ஆபீஸ்காரர் தன் டார்ச் லைட்டை விற்றுவிட்டுப் போனார். புத்தம் புதுசு. பாய் அதைத் திருகிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், தண்ணீரில் முக்கிப் பார்த்தார். குறையே இல்லை. அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வாரம் அதை மடியில் வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், "இதுல இன்னாவோ கீது. இல்லாம ஒர்த்தன் விப்பானா? நீ பாரேன்" என்று நீட்டினார். கடைசியில் ஐஸ் உடைக்கிறவர்தான் கண்டுபிடித்தார். சுவரில் அடித்தால் வெளிச்சம் வட்டமாக விழாமல் முட்டை மாதிரி விழுந்தது. பாய் எழுந்து நின்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றே டார்ச் லைட் விற்றுப்போனது.

வாங்க வருகிறவர்களுக்கும் அவரிடம் முறை உண்டு. படகில் போகும்போது அங்கிருந்தே, "பாய், அந்தத் துடுப்பு இருக்குதா?" என்று ஒருவன் தினமும் கத்திவிட்டுப் போவான். கரையில் இறங்கமாட்டான். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "துடுப்பு இருக்குது. நீ இருக்கியா?" என்று பாயும் கத்தினார். அதோடு அவன் அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டான். சாமானைப் பார்க்காமலே, "கடைசி வெல இன்னா?" என்று கேட்கிறவனிடம், "கடைசி வெல கடைசியிலதான். மொதல்ல குந்து" என்பார்.

விலையைக் குறைப்பதற்காகச் சாமானை மட்டம் தட்டுகிறவர்கள்தான் அவரிடம் வசமாக மாட்டுவார்கள். கருவாட்டு வியாபாரி ஒருவர் பெட்ரோமாக்ஸ் வாங்க வந்தார்.

"இன்னா பாய், பம்பு இழுக்குது, கண்ணாடி கீறல் விட்டுக்கீது. இத போய் வெல சொல்றியே."

"ஆமா. அடியில ஒழுகுது, அத பாக்கலியா? கைப்பிடி கூட ஒரு பக்கம் ஆடும்."

"அப்ப கொறச்சி குடு."

"இவ்ளோ கெட்டத உனக்கு எப்டிபா குடுப்பேன்? நீ கொயந்த குட்டிக்காரன்." பாய் பெட்ரோமாக்ஸை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வியாபாரி அரைமணி நேரம் வெளியே நின்று அந்த விளக்கைப் புகழ்ந்து பேசி, சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு போனார்.

பிடித்த சாமானை உடனே வாங்க முடியாதவர்கள் அதில் ஒரு நூல் முடிச்சைப் போட்டுவிட்டுப் போகலாம். வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்வரை அது அவர்களுடையது. வேறு யாரும் கை வைக்கக்கூடாது. பாங்கு சொல்லிவிட்டால் முடிச்சை அறுத்துவிடுவார். மீன்காரர்கள் முடிச்சை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள் என்பதால் சீட்டு, கையெழுத்து எதுவும் தேவையில்லை. ஒருவன் ஐந்து சாமான்களில் முடிச்சுப் போட்டுவிட்டு மூன்று வாரமாக எதையும் வாங்காமல் இழுத்தடித்தான். பாய் எழுந்து அவன் சட்டைப் பித்தானில் ஒரு முடிச்சைப் போட்டார். "இப்ப நீ என்து. வெள்ளிக்கெழம வரிக்கும் எங்கியும் போகாத, குந்து" என்றார். அவன் பயந்துபோய் ஒரு பழைய வாளியை வாங்கிக்கொண்டு ஓடினான்.

எல்லாவற்றிலும் விசித்திரமானது அவருடைய குடை. விற்ற சாமானை விற்றவன் திரும்பப் பார்க்கக்கூடாது, பார்த்தால் இன்னும் அது தன்னுடையது என்ற எண்ணம் வந்துவிடும் என்பது அவர் கட்சி. அதனால் தான் விற்ற எதுவும் எதிரே வந்தால் கறுப்புக் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொள்வார். ஏரிக்கரையில் பாதிப் பேர் தோளிலும் தலையிலும் அவர் விற்ற சாமான்தான் போகும். ஆகவே மழை, வெயில் என்ற கணக்கில்லாமல் குடைக்குப் பின்னாலேயே நடப்பார். இரண்டு தடவை ஆட்டு மந்தைக்குள் நுழைந்திருக்கிறார். ஒரு தடவை துறைப் படிக்கட்டில் நேராகத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்.

இனி என் கதைக்கு வருகிறேன். எழுபதுகளின் கடைசி என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர் பழவேற்காட்டுக்கு வடக்கே, ஏரிக்கரையை ஒட்டியே போகிற மண்பாதையின் முடிவில் இருக்கிறது. ஏரியில் எங்கள் ஊருக்கு உள்ள இறால் இடங்களை வீட்டுக்கு வீடு முறைவைத்துக் கொடுப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். தன் பாடு நாளில் ஒருவன் முழு வலையோடு போய் நிற்க வேண்டும். வலை இல்லை என்றால் முறை அடுத்த பெயருக்குப் போய்விடும். என் நைனா தவறிய பிறகு அவர் பாடு என் பெயருக்கு வந்தது. முதல் பாடு ஒரு சனிக்கிழமை. எனக்கு அடுத்த பெயர் ஸ்பீக்கர் மச்சானுடையது. அவர் பேசினால் எதிர்க்கரையில் கேட்கும். அதனால் அந்தப் பெயர்.

பாடுக்குப் பத்து நாள் இருக்கும்போது நைனாவின் பருத்தி வலையை வெளியே எடுத்தேன். கையோடு வந்தது. அவ்வளவும் இற்றுப்போயிருந்தது.

புது வலைக்கு எனக்கு வழியில்லை. புதன்கிழமை காலை பாயின் கொட்டகைக்குப் போனேன். நல்ல நைலான் வலை ஒன்று இருந்தது. பாய் குறை சொல்லி முடிப்பதற்குள் வேறு யாரும் கேட்டுவிடக்கூடாது என்று என் நூலை எடுத்து அதில் முடிச்சுப் போட்டேன். நான் போட்டு முடிக்கும்போது பின்னால் ஸ்பீக்கர் மச்சான் வந்து நின்றார்.

"இன்னாடா, நீ போட்டுட்டியா? சரி சரி. வெள்ளிக்கெழம பாங்கு வரிக்கும்தானே? நான் பக்கத்துலயே கீறேன்." அவர் தன் நூலை விரலில் சுற்றிக்கொண்டு ஐஸ் உடைக்கும் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். அவரிடம் வீட்டில் இரண்டு வலை இருந்தது. இந்த வலை அவர் கைக்குப் போனால் என் பாடும் கூடவே போய்விடும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் நேராகக் காசைக் கொடுத்து வலையைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். பாய் விடவில்லை.

"குந்து. கொற கேட்டுட்டுப் போ."

வலையைக் கொட்டகை முற்றத்தில் விரித்தார். "இது பார், சங்கராந்திக்கு மறுநாள் பெரிய நண்டு ஒண்ணு பண்ண வேல. வாட காத்து. இது கழியில மாட்டிக்கிட்டது, வலைக்காரன் சம்சாரத்து கிட்ட சண்ட போட்டுட்டு அவசரத்துல இழுத்தான். அந்த சண்ட எதுக்குன்னா..." நண்டின் குணம், சம்சாரத்தின் குணம் எல்லாம் சொல்லி, அடுத்த கிழிசலுக்கு வர ஒரு மணி நேரம் ஆனது. எல்லாக் கிழிசலையும் நன்றாகத்தான் பொத்தியிருந்தார்கள். போதும் பாய், நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டியதுதான். எனக்கு வாய் வரவில்லை. பேசிக்கொண்டிருக்கிறவரை நடுவில் நிறுத்துவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே முடியாது. தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். நான் தலையாட்டுவதைப் பார்த்து அவருக்கு உற்சாகம் கூடியது.

புதன்கிழமை கால்வாசி முடிந்தது. வியாழக்கிழமை, தொழுகை, டீ, வேறு ஆட்கள் என்று போக, முக்கால்வாசி. வெள்ளிக்கிழமை வெயில் ஏறும்போது கடைசி இரண்டு பாகம்தான் மிச்சம். ஸ்பீக்கர் மச்சான் கொட்டாவி விட்டுக்கொண்டு அதே இடத்தில் இருந்தார்.

"இருவத்திரெண்டு கொற. சொல்லி முடிச்சாச்சு" என்று பாய் வலையைச் சுருட்டப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். வலையின் ஓரத்தில், மிதவைக் கயிற்றுக்குக் கீழே, முறம் அளவுக்குப் பொத்திய இடம் ஒன்று இருந்தது.

"இது இன்னாது?"

கையால் தடவிப் பார்த்தார். தரையில் உட்கார்ந்துவிட்டார். "இருவத்தி மூணு. இதுக்குக் கத தெர்லயே. வித்தவன் சொல்லலியே."

"பரவால்ல பாய்" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"கத தெரியாத கொறய எப்டி விக்கிறது? வித்தவன் கிட்ட போய் கேக்கணும். நாளன்னிக்கி வா தம்பி."

நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. என் பாடு நாளைக்கு.

ஸ்பீக்கர் மச்சான் எழுந்து வந்தார். "பாய், எனக்குக் கதயும் வாணாம், காரணமும் வாணாம். வலைய குடு."

"கத கேக்காதவனுக்கு நான் கயிறு கூட விக்கமாட்டேன். இன்னும் அவன் முடிச்சு கீது. பாங்கு சொல்லட்டும்."

பள்ளிவாசல் பக்கம் பார்த்தேன். பாங்கு சொல்கிற மோதினார் தொட்டியில் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்தப் பொத்திய இடத்தைச் சரியாகப் பார்த்தேன். முடிச்சுகள் எல்லாம் இடது பக்கம் சாய்ந்திருந்தன. எங்கள் பக்கத்தில் இடதுகையால் வலை பொத்துகிற ஆள் ஒருவன்தான். அது நான்.

மூன்று வருடம் முன்பு லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒருவரிடம் ஒரு பருவம் கூலிக்குப் போயிருந்தேன். நைலான் வலை வந்த புதுசு. தோளில் தூக்கிப் போகும்போது நங்கூரக் கொக்கியில் மாட்டி, என் காலிலும் சிக்கி, நான் விழுந்து, வலை முறம் அளவுக்குக் கிழிந்தது. யாரும் பார்க்கவில்லை. நைலானுக்கு நூலை இன்னொரு சுற்று சுற்றி முடிச்சுப் போட வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒருவரிடம் கேட்கவும் வெட்கம். பருத்தி வலைக்குப் போடுகிற மாதிரியே ஒற்றைச் சுற்றில் பொத்தி, நல்ல பக்கத்தை மேலே வைத்துச் சுருட்டிவிட்டேன். வெயில் தின்ற வலைகள் எல்லாம் ஒரே நிறமாகிவிடுகின்றன. இது அந்த வலைதான் என்று அந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியவில்லை.

சொன்னால் வலை கிடைக்கும். ஆனால் மீன்காரன் மகனுக்கு வலை பொத்தத் தெரியாது என்பதை ஸ்பீக்கர் மச்சான் காதில் போடுவதும், ஏரி முழுக்கத் தண்டோரா போடுவதும் ஒன்றுதான்.

"பாய்" என்றேன். சத்தம் வரவில்லை. மோதினார் துண்டால் முகத்தைத் துடைத்தார். "பாய்" என்றேன் மறுபடியும். அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை எனக்கே தெரியாமல் கத்திவிட்டேன்.

"அது நான் போட்டது!"

ஐஸ் உடைக்கிறவர் சம்மட்டியை நிறுத்திவிட்டார். ஸ்பீக்கர் மச்சான் வாயைத் திறந்தபடி நின்றார். அவர் வாய் திறந்தும் சத்தம் வராததை அன்றுதான் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன்.

பாய் என் முகத்தைப் பார்த்தார். பிறகு நான் புதன்கிழமை வலையில் போட்டிருந்த முடிச்சைப் பிடித்து, பொத்திய முடிச்சுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

"அட! சொல்லு. எப்டி கிழிஞ்சிது?"

"நங்கூரத்துல மாட்டி..."

"காத்து?"

"தென்னல் பாய்."

"நீ எங்க விழுந்தே? முட்டியிலயா, மூஞ்சியிலயா?"

"மூஞ்சியில."

"பொத்துனது சரியா?"

"இல்ல பாய். ஒத்தச் சுத்து. வழுக்கும்."

"கேட்டுக்கினியா?" என்று பாய் பொதுவாக எல்லாரையும் பார்த்துக் கேட்டார். "வாங்கறவனே கொற சொல்ற யாவாரம். இத நான் எங்கியும் பாத்ததில்ல." வலையைத் தூக்கி என் தோளில் வைத்த பிறகுதான் பாங்கு சொன்னார்கள். "அந்த எடத்தப் பிரிச்சிட்டு வேற போடு. மறந்துடாத" என்று சொல்லிக்கொண்டே குடையைச் சாய்த்துக்கொண்டு தொழுகைக்குப் போனார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அந்தப் பொத்திய இடத்தைப் பிரிக்கத்தான் உட்கார்ந்தேன். இழுத்துப் பார்த்தேன். அப்படி ஒன்றும் மோசமாகத் தெரியவில்லை. மூன்று வருடம் நின்றிருக்கிறதே, நாளை ஒருநாள் நிற்காதா என்று தோன்றியது. ஊர் அறியச் சொன்ன குறையை வீட்டுக்கு வந்து நானே மன்னித்துவிட்டேன்.

சனிக்கிழமை சித்தப்பாவும் நானும் சவுக்குக் கழி ஊன்றி வலையைக் கட்டினோம். என் பாடு என் பெயரிலேயே நின்றது. ஊர்ப் பெரியவர்கள் கரையிலிருந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். இறாலும் நன்றாக ஏறியது. வலையைத் தூக்கும்போது ஒரே ஓர் இடத்தில், முறம் அளவுக்கு முடிச்சு வழுக்கி, இறால் பொலபொலவென்று வழிந்து போனது.

"எவன்டா இத பொத்துனவன்? அது கையா, காலா?" என்று சித்தப்பா கத்தினார்.

"கைதான் சித்தப்பா. எடது கை" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். வலையைப் பார்த்தார். பிறகு கழியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அதற்குள் இன்னும் கொஞ்சம் இறால் போய்விட்டது. மிச்சம் இரண்டு கூடை.

மறுநாள் கரையில் பாய் எதிரே வந்தார். என் தோளில் வலை இருந்ததால் குடை சாய்ந்துவிட்டது.

"பாய், கிழிஞ்சிடுச்சு."

"எங்க?" என்றது குடை.

"நான் பொத்துன எடத்துல."

குடை குலுங்கியது. "அந்தக் கொறய சொன்னவன் நீ. போய் உன் கிட்டயே சண்ட போடு."

அதற்குப் பிறகு பல வருடம் அவரிடம் சாமான் வாங்கினேன். சைக்கிள் வாங்கியபோது, "இது எடப்பக்கம் இழுக்கும். நீ வீட்டுக்குப் போறப்ப ஏரி உனக்கு சோத்தாங்கைப் பக்கம், பயமில்ல. டவுனுக்கு வர்றப்ப ஏரி எடப்பக்கம். எறங்கித் தள்ளிக்கினு வந்துடு" என்று சொல்லித்தான் கொடுத்தார். முதல் வாரத்திலேயே ஒருநாள் தள்ளாமல் ஓட்டி வந்து, ஏரியில் இறங்கி, மீன் கூடையோடு எழுந்து வந்தேன்.

பிறகு அவர் கொட்டகையை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போவதாகக் கேள்விப்பட்டேன். அந்தத் தகரக் கொட்டகையின் குறைகளை, ஒவ்வோர் ஆணி ஓட்டையாக, வாங்கினவருக்கு நான்கு நாள் சொன்னாராம். அவர் கிளம்புகிற அன்று பார்க்கப் போனேன். அவரை ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. குடை குறுக்கே வரக்கூடாது என்று வலை, கூடை, கயிறு எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு போனேன்.

பஸ் நிற்கும் இடத்தில் ஒரு தகரப் பெட்டியோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கப் போனார். பட்டென்று குடை சாய்ந்தது. குனிந்து பார்த்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தேன்.

பஸ் வந்துவிட்டது. கண்டக்டர் பெட்டியைத் தூக்கி மேலே போட்டார். குடைக்குப் பின்னாலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"எடப்பக்கம் இழுக்குதா?"

விற்ற சாமானைப் பற்றி அவராக விசாரித்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"இழுக்குது பாய்."

"சரி" என்று ஏறிக்கொண்டார். நான் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை.

மூன்றாவது குறையைச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு எழுதியும் அவர் பெயர் இதில் இல்லை. எனக்குத் தெரியாது. இப்போது பழவேற்காட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இத்தனை வருஷம் பழகிவிட்டுப் பெயர் தெரியாதா என்று சிரிப்பார்களே என்று கேட்கவில்லை. மற்றபடி அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த குறை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

1989 மார்ச் 3, வெள்ளிக்கிழமை. இன்னும் பாங்கு சொல்லவில்லை.